நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்கும் முன் டாக்டரைத் தேடுங்கள்

எங்கள் பக்கத்தில் யாராவது நாய்க்குட்டி வாங்கிவிட்டு, எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் எடுக்கலாம் என்று கேட்டால், "டாக்டர் யாரு?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். கம்பெனிக்காரர்கள் நம் நாயை நேரில் பார்ப்பதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் பார்க்கிறார்கள். என்ன நோய், எப்போது தொடங்கியது, என்ன சோதனை செய்தார்கள், எவ்வளவு செலவு என்று எழுத்தில் இருந்தால் பணம் வரும். எழுத்தில் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பாலிசியாக இருந்தாலும் வராது. இதை எங்கள் நாய் செம்பியை வளர்த்த இந்த வருடங்களில் நான் நன்றாகவே பார்த்துவிட்டேன்.

நாங்கள் குலசேகரம் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டைச் சுற்றி ரப்பர் விளை (தோட்டத்தை எங்கள் பக்கம் விளை என்போம்), கொஞ்சம் தள்ளி வாழை. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ரப்பர் மரத்தடியில் சருகு காய்வதே அபூர்வம். அந்த ஈரமும் நிழலும் உண்ணிக்கு ரொம்பப் பிடிக்கும். செம்பி லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தவள். விளைக்குள் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தால் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவோம்.

டாக்டர் என்று தேடினால் நம் மாவட்டத்தில் சில வழிகள் இருக்கின்றன. ஊருக்குப் பக்கத்தில் அரசு கால்நடை மருந்தகம் இருக்கும். அங்கே கூட்டம் பெரும்பாலும் மாடும் ஆடும்தான், என்றாலும் நாயையும் பார்ப்பார்கள். காலையில் போனால் டாக்டர் இருப்பார், செலவும் மிகக் குறைவு. அரசு டாக்டர் என்றால் ஒரு படி கீழே என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. அவசரத்தில் முதலில் கை கொடுப்பவர் அவர்தான், அனுபவமும் அதிகம். அவரிடம் இல்லாதது கருவிகள். ரத்தம் எண்ணும் இயந்திரம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் வேண்டுமென்றால் மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ போக வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழியும் ஊருக்கு ஊர் இருக்கிறது. பையில் ஊசியோடு வீடு வீடாக வருபவர்கள். மாட்டுக்கு ஊசி போட்ட பழக்கத்தில் நாய்க்கும் போடுவார்கள். அவர்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, இரவு பத்து மணிக்கு வேறு யாரும் வராத இடங்களுக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பி.வி.எஸ்சி. என்னும் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யலாம். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் அந்தப் பதிவு எண்ணைத்தான். எண் இல்லாத சீட்டுக்கு அங்கே மதிப்பில்லை.

செம்பி குட்டியாக இருந்தபோது, எந்த நோயும் இல்லாத நேரத்தில், தடுப்பூசியையும் பூச்சி மருந்தையும் காரணமாக வைத்துப் பல கிளினிக்குகளுக்கு அவளைக் கொண்டுபோனேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். நாய் படுத்த பிறகு டாக்டரைத் தேடினால் நமக்குத் தேர்ந்தெடுக்க நேரமே இருக்காது, யார் கிடைக்கிறாரோ அவர்தான். நல்ல நாளில் போனால் நிதானமாகக் கவனிக்கலாம்.

நான் கவனித்தது இவைதான். மேசையில் ஏற்றியதும் எடை பார்க்கிறாரா? மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். வெப்பமானி வைக்கிறாரா? நாயின் உடல் சூடு இயல்பாகவே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்க்கிறாரா? கழுத்து, தொடை இடுக்கில் நெறிகட்டியிருக்கிறதா என்று தடவுகிறாரா? ஓர் இடத்தில் டாக்டர் வாசலில் நின்றபடியே, "என்ன, சாப்பிடலையா?" என்று கேட்டுவிட்டு ஊசியை எடுத்தார். ஊசி என்ன மருந்து என்று கேட்டேன். "காய்ச்சலுக்கு" என்றார். அங்கே நாங்கள் மறுபடி போகவில்லை.

கடைசியில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு டாக்டரிடம் நிலைத்தோம். அவர் பேச்சு அதிகமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எடை, சூடு, ஈறு, இதயத் துடிப்பு, கொடுத்த மருந்து, அளவு எல்லாம் ஒரு நோட்டில் எழுதி நம் கையிலேயே தருவார். நான் கேட்ட கேள்வி ஒன்றுக்கு அவர் சொன்ன பதிலில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. "உங்களால் செய்ய முடியாதது என்ன?" என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. எலும்பில் கம்பி வைக்கும் அறுவை சிகிச்சை தான் செய்வதில்லை என்றும், அதற்கு எங்கே அனுப்புவார் என்றும், இரவில் போன் எடுப்பார் ஆனால் நள்ளிரவில் கிளினிக் திறக்க முடியாது என்றும் வரிசையாகச் சொன்னார். தன் எல்லையைச் சொல்லும் டாக்டரை நான் நம்புவேன்.

தடுப்பூசி அட்டையையும் சும்மா விடக்கூடாது. மருந்துக் குப்பியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்கும். அதைக் கிழித்து அட்டையில் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரச் சொல்லுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்ததா என்பதையும் கேட்கலாம், நம் ஊரில் மழைக்காலத்தில் கரண்ட் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய்களுக்கான தடுப்பூசிகள் போடுவார்கள். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. அதோடு லெப்டோ என்னும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் ஊசியா என்று கேளுங்கள். எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீரில் கால் வைக்காமல் நம் பக்கத்து நாய் இருக்க முடியாது, அந்த நோய் நாயிடமிருந்து நமக்கும் வரும். வெறிநோய் ஊசியை, ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவும் போடுவார்கள். அங்கே போட்டாலும் அட்டையில் பதிவு வேண்டும்.

அப்புறம்தான் இன்சூரன்ஸ்.

பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னபோது, "எனக்க மாட்டுக்கு எடுத்தது மாதிரி தானே பிள்ளே? காதுல தோடு குத்துவாங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி அது. மாட்டு இன்சூரன்ஸ் மாடு செத்தால் மாட்டின் விலையைத் தருவது. காதில் வில்லை இல்லாவிட்டால் கிளைம் இல்லை என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த விதி. அரசு இன்சூரன்ஸ் நிறுவனங்களின் பழைய நாய் பாலிசிகளும் அந்த வழியில் வந்தவைதான், முக்கியமாக நாய் விபத்திலோ நோயிலோ இறந்தால் அதன் மதிப்பைத் தருபவை. நமக்கு வேண்டியது அதுவா? செம்பியை யாரும் விலைக்கு வாங்கவில்லை, அவளுக்கு விலையும் கிடையாது. அவள் படுத்தால் எழுப்பப் பணம் வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. சிகிச்சைச் செலவைத் தரும் பாலிசிகள் தனியார் கம்பெனிகளில்தான் பரவலாக வந்தன. பஜாஜ் அலையன்ஸ் 2020-இல் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது, கலப்பின நாய்களும் நாட்டு நாய்களும்கூட அதில் சேரலாம். பிறகு வேறு கம்பெனிகளும் வந்தன. ஆகவே பாலிசித் தாளில் முதலில் தேட வேண்டியது, பணம் எதற்கு வரும் என்பது. சாவுக்கா, அறுவை சிகிச்சைக்கா, கிளினிக்கில் தங்கி எடுக்கும் சிகிச்சைக்கா, வெளிநோயாளியாக வாங்கும் மாத்திரைக்குமா? ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரிவு. அடிப்படைப் பிரிவை மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் வரும் என்று நினைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

நான் நாலைந்து பாலிசிகளின் விதிகளை வாங்கி உட்கார்ந்து படித்தேன். விளம்பரத் தாளை அல்ல, சின்ன எழுத்தில் இருக்கும் முழு விதிகளை. எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தவை சில. பாலிசி எடுத்தவுடன் நோய்க்குப் பணம் கிடையாது, குறிப்பிட்ட நாள்கள் காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்குக் கிடையாது. தடுப்பூசி இருக்கும் நோய், ஊசி போடாமல் விட்டதால் வந்தால் கிடையாது. மேலே அட்டையைப் பற்றி அவ்வளவு சொன்னது அதனால்தான். பிரசவம், கருத்தடை அறுவை, பல் சுத்தம், அழகுக்காக வாலை வெட்டுவது இவையெல்லாம் பெரும்பாலும் வெளியே. சேர்வதற்கு வயது வரம்பு உண்டு, அது இனத்தின் அளவைப் பொறுத்து மாறும். கிரேட் டேன் மாதிரிப் பெரிய இனங்களுக்கு ஆயுள் குறைவு என்பதால் வரம்பும் முன்னாலேயே வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு கிளைமிலும் நம் கையிலிருந்து போகும் பங்கு. உதாரணத்துக்கு, விதிப்படி ஏற்காதவற்றைக் கழித்த பிறகு பில் 15,000 ரூபாய், நம் பங்கு 10 சதவீதம் என்றால் 1,500 நம்முடையது. மீதி 13,500 தருவார்கள். பிரீமியம் குறைவாக இருக்கும் பாலிசியில் இந்தப் பங்கு அதிகமாக இருப்பதைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

மனிதர்களுக்கு இன்சூரன்ஸ் அட்டையைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரியில் படுப்பது போல இங்கே பெரும்பாலும் நடக்காது. நாமே கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். ஆகவே இன்சூரன்ஸ் இருந்தாலும் கையில் ஒரு தொகை எப்போதும் தயாராக இருக்கட்டும்.

நாயின் அடையாளத்துக்குப் போட்டோ கேட்டார்கள், முன்னால், பக்கவாட்டில், தனி அடையாளம் ஏதாவது. நாங்கள் மைக்ரோசிப்பும் போட்டுவிட்டோம். அரிசி மணி அளவில் ஒன்று, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் வைப்பார்கள். அதில் 15 இலக்க எண். மாமியின் மாட்டுக்குக் காதில் இருப்பது செம்பிக்கு உள்ளே இருக்கிறது என்று சொன்னதும் அவருக்குத் திருப்தி.

இந்த ஏற்பாடெல்லாம் பயன்பட்டது ஓர் ஐப்பசி மழையில். செம்பி இரண்டு நாளாகச் சோர்ந்திருந்தாள், கஞ்சியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்திருந்தது. முதலில் பக்கத்து அரசு மருந்தகத்துக்குத்தான் ஓடினோம். அந்த டாக்டர் சூடு பார்த்து, டிரிப்ஸ் ஏற்றி, "உண்ணிக் காய்ச்சல் மாதிரி இருக்கு, ரத்தம் பார்க்காமல் இதுக்கு மேலே போகக்கூடாது" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தேதி, நேரம், சூடு, கொடுத்த மருந்து எல்லாம் அதில் இருந்தது. பிற்பாடு அந்தச் சீட்டும் கிளைமில் சேர்ந்தது. மார்த்தாண்டத்துக்குப் போகும் வழியிலேயே கம்பெனிக்கு போனில் தகவல் சொல்லி, அதற்கு அவர்கள் தந்த பதிவு எண்ணை எழுதிக்கொண்டேன். தகவல் சொல்ல வேண்டிய கெடு பாலிசியில் இருக்கும், அதைத் தாண்டக்கூடாது.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. எர்லிக்கியா ஒன்று, பேபீசியா ஒன்று. முன்னது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்து மூக்கில், ஈறில் ரத்தம் வரவைக்கும். பின்னது சிவப்பணுக்களை உடைக்கும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகலாம். முதலாவதற்கு டாக்ஸிசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக் நன்றாகக் கேட்கும், இரண்டாவதற்கு அது மட்டும் போதாது, மருந்தே வேறு. இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. பார்க்காமலே ஊசி போடுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும். எங்கள் டாக்டர் காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். மனிதர்களுக்கான லேப் இயந்திரம் நாயின் தட்டணுக்களைத் தப்பாக எண்ணிவிடலாம், அதனால் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்றார். எர்லிக்கியா என்று உறுதியானது. உள்ளே வைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பொதுவாக 28 நாள் டாக்ஸிசைக்ளின் தொடர வேண்டும். நாய் சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, நோய் உள்ளேயே தங்கிவிடும்.

கிளைமுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. பாலிசிக்கு முன்பே இந்த நோய் இருந்ததா என்று. நியாயமான கேள்விதான், எர்லிக்கியா மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் உடம்பில் இருக்கக்கூடியது. அங்கேதான் டாக்டரின் நோட்டு கைகொடுத்தது. பாலிசி எடுத்த சமயத்தில் உடல் தகுதிச் சான்றுக்காகப் பார்த்த எடை, சூடு, ரத்த அளவு எல்லாம் தேதியோடு இருந்தது. அதை நகலெடுத்து அனுப்பினோம். பணம் வந்தது. உண்ணிக் கழுத்துப்பட்டை, சத்து டானிக், கார் வாடகை ஆகியவற்றைக் கழித்திருந்தார்கள், அது விதியிலேயே இருப்பது.

பேச்சிப்பாறை சாலையில் என் சித்தி மகன் ஓர் இராஜபாளையம் இன நாய் வளர்க்கிறான். அதன் காலில் பைக் ஏறி எலும்பு முறிந்தது. சிகிச்சை நன்றாகவே நடந்தது, நாய் இப்போது ஓடுகிறது. ஆனால் கையில் கிடைத்தது துண்டுச் சீட்டில் "நாய் கால் ஆபரேஷன்" என்று எழுதி ஒரு தொகை. டாக்டரின் பதிவு எண் இல்லை, முத்திரை இல்லை, எக்ஸ்ரேயில் நாயின் பெயர் இல்லை. கம்பெனி மறுத்துவிட்டது. "அக்கா, நாய் நொண்டுறதை வீடியோ எடுத்து அனுப்புனா தருவாங்களா?" என்று கேட்டான், பாவம். டாக்டரிடம் மறுபடி போய் விவரச் சான்று வாங்கினோம்: வந்த தேதி, எந்த எலும்பு, என்ன மயக்க மருந்து, என்ன செய்தார்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம், பதிவு எண். அதை வைத்துக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். பெரும் பகுதி வந்தது. அங்கும் ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்னும் குறைகேட்பு அதிகாரிக்குப் புகார் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனியின் இறுதிப் பதில் கிடைத்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும்.

பெரிய சிகிச்சை என்றால் நம் மாவட்டத்திலிருந்து இரண்டு பக்கம் போகிறார்கள். நாகர்கோவில், தோவாளைப் பக்கத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலி வசதி, அங்கே ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. துறைசார் நிபுணர்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் இருக்கும் எங்களுக்குக் களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். கேரளத்தில் பார்த்தால் கிளைம் வருமா என்று சிலர் தயங்குகிறார்கள். என் பாலிசியில் இந்தியாவுக்குள் எங்கே பார்த்தாலும் சரி, டாக்டர் அவர் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருந்தால் போதும் என்று இருந்தது. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அனுப்பி வைக்கும் டாக்டர் ஒரு பரிந்துரைக் கடிதம் தராமல் "அங்கே போங்க" என்று மட்டும் சொன்னால், கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

விளைப் பக்கம் வீடு இருப்பவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டிய இரண்டு விஷயம் உண்டு. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து அவரிடம் இருக்குமா, இல்லாவிட்டால் எங்கே கிடைக்கும்? எலிவிஷம் தின்றால் என்ன செய்வது? வாழைக்கும் தென்னைக்கும் வைக்கும் எலிவிஷக் கட்டிகளில் பெரும்பாலானவை ரத்தம் உறையவிடாமல் செய்பவை. தின்ற அன்று நாய் நன்றாகத்தான் இருக்கும், சில நாள் கழித்துத்தான் உள்ளே ரத்தம் கசியும். வைட்டமின் கே1 அதற்கு முறிவு மருந்து. ஆகவே கவரையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓட வேண்டும். வீட்டிலிருக்கும் பாரசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் நாய்க்கு நாமாகக் கொடுக்கக்கூடாது. பூனைக்கு ஒரு பாரசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது, மாடு ஆடுகளுக்காகவே முக்கியமாக ஓடுவது என்றாலும் எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கருத்தடை அறுவைக்கு இன்சூரன்ஸ் தராது என்பதற்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதான பிறகு கருப்பையில் சீழ் கோர்க்கும் நோய் வரலாம், சூட்டுக்கு (இணை சேரும் பருவத்துக்கு) வந்து சில வாரங்களில் தண்ணீர் அதிகமாகக் குடிப்பதும் சோர்வும் அதன் அறிகுறி. அது உயிர் போகும் அவசரம். செம்பிக்கு நல்ல உடம்பாக இருந்தபோதே எங்கள் செலவில் செய்துவிட்டோம்.

இப்போது அவளுக்கு வாயோரம் நரைத்துவிட்டது. பாலிசியைப் புதுப்பிக்கும் வயது வரம்பு நெருங்குகிறது. புதுப்பிப்பை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் பார்த்துக்கொள்கிறேன், இடையில் விட்டால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். வரம்பு முடிந்த பிறகு என்ன செய்வது என்று யோசித்து, தபால் நிலையத்தில் அவளுக்காக ஒரு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டு வருகிறோம். மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து வருடக் கணக்கு. டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்தது தை மாதம்.